மழைமறைவு நிலத்தில் மழித்த புல்தரை

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊராட்சிகள் கேரள வரைபடத்தின் உள்ளே இருக்கின்றன. கேரளத்தின் மழைக்கு வெளியே இருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாயின் மேற்கிலிருந்து கிழக்கே வரவர மழை குறைந்து, சித்தூர் வட்டத்தின் கிழக்கெல்லையில் நிலம் பொள்ளாச்சியின் நிலமாகிவிடுகிறது. கோடையில் இங்கே குடிநீர் லாரியில் வருகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில், நீர் மிகையாக உறிஞ்சப்பட்ட ஒன்றியமாகச் சித்தூரின் பெயர் இடம்பெற்றிருக்கிறது. இத்தகைய நிலத்தில், கல்வி வளாகத்தின் முகப்பில் ஒரே உயரத்துக்கு மழிக்கப்பட்டு ஆண்டு முழுவதும் பச்சையாகவே வைக்கப்படும் புல்தரை அறிவியலின்படியும் பிழை, நீதியின்படியும் பிழை. இவ்விரண்டையும் வகுப்பறையில் கற்பிப்பவர்களே வகுப்பறைக்கு வெளியே அப்பிழையைச் செய்கிறார்கள் என்பதுதான் இதில் வெட்கத்துக்குரியது.

புல்தரை எப்போது விரிக்கப்படுகிறது என்பதைக் கவனித்தாலே அது எதற்காக விரிக்கப்படுகிறது என்பது விளங்கிவிடும். தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவையின் குழு வரப்போகிறது என்றால், அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே நாற்றங்காலிலிருந்து பாய் பாயாகப் புல் வந்து இறங்குகிறது. செம்மண் கொட்டப்படுகிறது, தெளிப்பான்கள் பொருத்தப்படுகின்றன, ‘புல்லின் மீது நடக்காதீர்’ என்ற பலகை நடப்படுகிறது. குழு வருகிறது, படம் எடுத்துக்கொள்கிறது, போகிறது. அடுத்த சித்திரைக்குள் பாதித் தரை வெளிறிவிடுகிறது. மீதிப் பாதியைக் காப்பாற்ற ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் காலையும் மாலையும் ஓடுகிறது.

இதற்கு அவையைக் குறைசொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அவையின் ஏழாவது அளவுகோல் பசுமை வளாகத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் மரங்களையும் செடிகளையும் கொண்டு நிலத்தை அமைப்பதையே குறிப்பிடுகிறது. மழித்த புல்தரையைக் கேட்கவில்லை. அதே அளவுகோல் மழைநீர்ச் சேகரிப்பையும், கிணறுகளுக்கு நீரூட்டுவதையும், கழிவுநீர் மறுசுழற்சியையும் தனியாகக் கேட்கிறது. ஒரே படிவத்தில் மேலே ‘நிலத்தடி நீரைக் காக்கிறோம்’ என்று எழுதி, கீழே புல்தரையின் புகைப்படத்தை இணைக்கும் நிறுவனம் தன் சாட்சியத்தைத் தானே மறுக்கிறது. படிவம் கேட்டது நிலவமைப்பு. அதைப் புல்தரை என்று மொழிபெயர்த்துக்கொண்டது நிருவாகத்தின் கற்பனை வறட்சி.

கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். வெயிலும் கணவாய்க் காற்றும் சேர்ந்து உலர்த்தும் கோடை நாளில் பச்சையாகவே இருக்க வேண்டிய புல்தரைக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்பது தாராளமான மதிப்பன்று. ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆக, ஓர் ஏக்கர் புல்தரை ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 லிட்டர் நீரைக் குடிக்கிறது. ஊரகக் குடும்பங்களுக்குக் குழாய் நீர் வழங்கும் ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வகுத்திருக்கும் அளவு 55 லிட்டர். அதன்படி, ஓர் ஏக்கர் புல்தரையின் ஒரு நாள் நீர் 360 பேருக்கு மேற்பட்டோரின் ஒரு நாள் நீர். பொருளியல் துறையும் சூழலியல் துறையும் உள்ள எந்தக் கல்லூரியிலும் இந்தப் பெருக்கல் கணக்கைப் போடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. போட்டுப் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை என்பதே பஞ்சம்.

இவ்வளவு நீரும் எந்தப் புல்லுக்காக என்பது அடுத்த வேடிக்கை. நாற்றங்கால்கள் ‘பெர்முடா’ என்று விற்கும் புல்லின் தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். அதுதான் அருகம்புல். விளையாட்டரங்குகளுக்கென்று விற்கப்படும் ‘டிஃப்வே’ போன்ற ஒட்டினங்கள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்னும் ஊரின் ஆய்வு நிலையத்தில், அருகையும் ஓர் ஆப்பிரிக்க இனத்தையும் சேர்த்து உருவாக்கப்பட்டவை. கொழிஞ்சாம்பாறை உழவர் வரப்பிலிருந்து சலிக்காமல் கொத்தியெறியும் புல்லின் உறவினரை, அதே ஊரின் கல்லூரி சதுர அடிக் கணக்கில் விலைகொடுத்து வாங்குகிறது. வரப்பு அருகுக்கு யாரும் நீர் ஊற்றுவதில்லை. கோடையில் அது பழுப்பாகிறது. தரையடித் தண்டில் உயிரை ஒடுக்கிக்கொள்கிறது. முதல் மழை விழுந்த சில நாள்களில் தழைத்துவிடுகிறது. பழுப்பு அதற்கு ஓய்வு, சாவு அன்று. அந்த ஓய்வைப் பார்க்கச் சகிக்காத கண்ணுக்காகத்தான் மோட்டார் ஓடுகிறது. சிக்கல் புல்லில் இல்லை. பங்குனி மாதத்தில் நிலம் ஆவணி மாதத்தைப் போலத் தோன்ற வேண்டும் என்று கேட்கும் கண்ணில் இருக்கிறது.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது? புல்வெட்டும் இயந்திரத்தை 1830ஆம் ஆண்டு காப்புரிமை பெற்று உருவாக்கியவர் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பியர்ட் பட்டிங். அவர் வாழ்ந்த பகுதி கம்பளி ஆலைகளின் பகுதி. நெய்த கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைச் சீராக வெட்ட ஆலைகளில் சுழற்கத்திப் பொறி ஒன்று இருந்தது. அதைக் கண்டுதான் புல்லையும் அவ்வாறே வெட்டலாம் என்று அவர் கருதினார். அதுவரை செல்வர்களின் புல்தரை நீண்ட பிடியுள்ள அரிவாள்களாலும் ஆடுகளாலும் பராமரிக்கப்பட்டது. ஓயாமல் தூறும் மழை, மிதமான வெயில், நிறையக் கூலியாள்கள் என்னும் மூன்றும் சேர்ந்த இடத்தில் பிறந்தது அந்த அழகு. பொறி வந்தபின் நடுத்தர வீடுகளுக்கும் பரவியது. துணியைச் சீராக்கும் கருத்து நிலத்தின்மேல் ஏறியது இப்படித்தான். ஆனால் துணிக்கு வேர் இல்லை, புல்லுக்கு உண்டு. துணியை எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் அது நீர் கேட்பதில்லை, புல் கேட்கிறது.

இங்கே புல்தரை ஆதரவாளர்கள் ஒன்றைச் சொல்வார்கள்: ‘முறையாக வெட்டினால் புல் நன்றாகத்தானே இருக்கும்?’ உண்மை. முறை என்ன என்று அவர்கள் படித்துப் பார்த்திருந்தால் இந்த விவாதமே வேண்டியிருக்காது. 1955இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட கிரைடரின் ஆய்வு, புல்லின் இலைப்பரப்பில் பாதியோ அதற்கு மேலோ ஒரே வெட்டில் நீக்கப்பட்டால் வேர் வளர்ச்சி நின்றுவிடுவதைக் காட்டியது. நீக்கிய பங்கு கூடக்கூட நின்ற நாள்களும் கூடின. புல்லியல் நூல்கள் சொல்லும் ‘மூன்றில் ஒரு பங்கு’ விதி இந்த அறிவோடு ஒத்துப்போவது: ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் புல் நிற்க வேண்டுமானால் ஏழரை சென்டிமீட்டரை எட்டும்போது வெட்ட வேண்டும், ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, வெயில் காலத்தில் உயரத்தைக் கூட்ட வேண்டும். தகடு கூராக இருக்க வேண்டும். மழுங்கிய தகடு புல்லை அறுப்பதில்லை, கிழிக்கிறது. கிழிந்த நுனி காய்ந்து வெளிறுவதால் தரை முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் ஆகிறது. ஈரப்புல்லை வெட்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் வெட்டும் திசையை மாற்ற வேண்டும். வெட்டிய துணுக்குகளைத் தரையிலேயே விட்டால் புல்லுக்குத் தேவையான தழைச்சத்தில் கால்பங்கு அளவு திரும்பக் கிடைக்கும்.

வளாகங்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஒப்பந்தக்காரருக்கு மாதம் ஒருமுறையோ விழாவுக்கு முந்தின நாளோ அழைப்பு போகிறது. முழங்கால் உயரம் வளர்ந்ததை மண் தெரியும் அளவுக்கு மழிக்கிறார்கள். ‘சுத்தமாக இருக்கிறது’ என்று பாராட்டுக் கிடைக்கிறது. சீரான வெட்டு என்பது உயரத்தின் ஒழுங்கு, குட்டையாக்குவது அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பியதால், வேர் மேலேறிய புல் இன்னும் அதிக நீரைக் கேட்கிறது. நீர் ஊற்ற ஊற்ற மேல்மண் வேரே பழகி, ஒரு நாள் மோட்டார் பழுதானாலும் தரை வாடுகிறது. புல்வெட்டும் கலையின் இலக்கணத்தின்படியே பார்த்தாலும் இது தோற்ற வேலை.

வெட்டிய புல் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சித்தூர் வட்டாரம் கேரளத்தின் முக்கியமான பால் உற்பத்திப் பகுதிகளுள் ஒன்று. கோடையில் மாடு வைத்திருப்போர் வைக்கோலையும் பசுந்தீவனத்தையும் விலைகொடுத்து வாங்குகிறார்கள். அதே வட்டாரத்தில் வளாகத்தின் புல் மூட்டை கட்டப்பட்டு மதிலோரம் கொட்டப்பட்டு எரிக்கப்படுகிறது. வாயிலில் ‘கால்நடைகள் நுழையக் கூடாது’ என்ற பலகை தொங்குகிறது. வெட்டுகிறவரின் நிலையோ இன்னும் மோசம். தோளில் தொங்கும் பிரஷ் கட்டரின் நைலான் கயிறு சிறு கல்லைத் தோட்டாவைப் போல் எறியும். கண்ணாடியும் காலுறையும் இல்லாமல், துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, இரைச்சலுக்கும் புகைக்கும் நடுவே நாள் முழுவதும் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி பசுமை வளாக அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் பாம்பு. அதை எள்ளி ஒதுக்குவது முறையன்று. 2019 நவம்பரில் வயநாட்டின் சுல்தான் பத்தேரியில் பள்ளி வகுப்பறையில் பாம்பு கடித்து ஒரு மாணவி இறந்தது கேரளம் முழுவதையும் உலுக்கியது. அதன்பின் பள்ளி வளாகங்களைத் துப்புரவாக்குவதில் அக்கறை கூடியது, அது நியாயமே. ஆனால் அந்தப் பாம்பு இருந்தது வகுப்பறைத் தரையின் பொந்தில். பழுதுபார்க்கப்படாத தரையும், சிகிச்சைக்கு நேர்ந்த தாமதமும் அங்கே பேசப்பட்ட குற்றங்கள். அவ்விரண்டுக்கும் விடை, பொந்துகளை அடைப்பதும் நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசேர்ப்பதும்தான். கட்டடங்களைச் சுற்றியும் நடைபாதைகளின் இருபுறமும் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லைக் குட்டையாக வைப்பதை எவரும் எதிர்க்கவில்லை. அந்தப் பட்டையைக் காரணம் காட்டி ஏக்கர்க் கணக்கில் மழிப்பதுதான் ஏமாற்று. பாம்புக்கு அஞ்சுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது எலி பெருகும் குப்பைமேட்டை அகற்றுவது. அது முகப்பில் இல்லாததால் யார் கண்ணிலும் படுவதில்லை.

இன்னொரு வாதம்: மாணவர்கள் அமர்ந்து பேச இடம் வேண்டாமா? வேண்டும். அப்படியானால் ‘புல்லின் மீது நடக்காதீர்’ என்ற பலகை எதற்கு? அமர முடியாத பசுமை பொதுவெளி ஆகாது. அது முகப்பு ஓவியம். விளையாட்டுத் திடலின் வாதம் வேறு: அங்கே சீரான தரை காலுக்குப் பாதுகாப்பு, முறையாக வெட்டப்பட்ட புல்லுக்கு அங்கே இடமுண்டு. அதற்கு மறுசுழற்சி செய்த நீரைக் கொடுக்கட்டும். ஆனால் எந்தப் பந்தும் உருளாத, எந்தக் காலும் படாத முகப்புத் தரைக்கு அந்தச் சலுகையைக் கடன் கேட்கக் கூடாது. நண்பகல் வெயிலில் மாணவர்கள் கூடுவது மரநிழலில். மழித்த தரையில் ஒருவரும் அமர்வதில்லை. ஒரு வேம்பு தரும் குளிர்ச்சியை ஓர் ஏக்கர் புல்தரையால் தர முடியாது என்பதை எந்த மாணவரும் தம் உடலால் அறிவார்.

புல்லைப் போற்றும் மரபு இந்நிலத்துக்கு இல்லாததா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிழக்கே எல்லை தாண்டினால் கொங்கு நாடு. கரூர், திருப்பூர்ப் பகுதிகளின் கொரங்காடு உலகின் மேய்ச்சல் அறிவுக்கு ஒரு கொடை: கிளுவை வேலி, இடையிடையே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப்புல். வானம் பொழிந்ததைத் தவிர வேறு நீர் இல்லை. காங்கேயம் மாடுகளும் ஆடுகளும் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்கு மாற்றப்பட்டு மேய்கின்றன. மேய்ந்த நிலம் ஓய்வெடுக்கிறது. மூன்றில் ஒரு பங்கு விதியை எந்த நூலையும் படிக்காமல் கடைப்பிடிக்கும் முறை அது. தெற்கே இடுக்கியில் இரவிகுளம் இருக்கிறது. 1978இல் தேசியப் பூங்காவான அந்த மலைப்புல்வெளி வரையாடுகளின் உறைவிடம். அத்தகைய மேட்டுப் புல்வெளிகளைப் ‘பயனற்ற வெற்று நிலம்’ என்று வகைப்படுத்தியே தேயிலையும் சீகையும் யூகலிப்டசும் ஏற்றினார்கள். அதே காலனிய நிருவாகம் 1848இல் உதகையில் தாவரவியல் பூங்காவைத் தொடங்கிப் புல்தரையை அழகின் அளவுகோலாக்கியது. உயிருள்ள புல்வெளியை வீண் என்றும் மழித்த புல்தரையை நாகரிகம் என்றும் கற்பித்த அந்தப் பாடம் இன்னும் திருத்தப்படவில்லை. மாணவர்களைக் களப்பயணமாக இரவிகுளத்துக்கு அழைத்துச் சென்று புல்வெளிச் சூழலைப் போற்றிவிட்டுத் திரும்பும் பேராசிரியர், தம் வளாகத்தில் கதிர் விட்ட ஒரு புல்லைக் கண்டால் தோட்டக்காரரை அழைக்கிறார்.

தமிழ்த் துறையினருக்கு இன்னும் ஒரு செய்தி. தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்த வகைப்பாட்டின்படி பனையும் தென்னையும் புல்லே. இன்றைய தாவரவியலும் அவற்றை ஒருவித்திலைத் தாவரங்களுள் புல்லோடு ஒரே பெரும்பிரிவில் வைக்கிறது. பாலக்காட்டின் அடையாளமான கரும்பனை, ஒரு குடம் நீரும் கேளாமல் நூறாண்டு நிற்கும் புல். அதை ‘காட்சிக்கு இடையூறு’ என்று வீழ்த்திவிட்டு வாங்கிய புல்லை விரிக்கும் வளாகம், தான் கற்பிக்கும் இலக்கணத்தையே வாசிக்கவில்லை.

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்ல வேண்டும்? காரணம், இடம். கொழிஞ்சாம்பாறைக்கு அருகே பெருமாட்டி ஊராட்சியில் இருக்கிறது பிளாச்சிமடை. 2000ஆம் ஆண்டு அங்கே கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணறுகள் வற்றின, எஞ்சிய நீர் கெட்டது என்று ஊரார் முறையிட்டார்கள். 2002 ஏப்ரலில் மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்களின் முன்னிலையில் ஆலைவாயிலில் போராட்டம் தொடங்கியது. 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. நிலத்தடி நீர் யாருக்கு உரியது என்னும் கேள்வியை உலகின் பல்கலைக்கழகங்களுக்குக் கற்பித்த ஊர் அது. அந்த ஊரை முன்வைத்து எழுதப்பட்ட ஆய்வேடுகள், நடத்தப்பட்ட கருத்தரங்குகள் ஏராளம். ஓர் ஆலையின் நீர்ப்பசியையும் ஒரு கல்லூரித் தோட்டத்தின் நீர்ப்பசியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அளவு வேறு, ஆதாயம் வேறு. ஆனால் கேள்வி ஒன்றுதான்: ஆழமாகத் துளையிட வசதி உள்ளவர், சுற்றியிருப்போரின் கிணற்றைப் பற்றிக் கவலைப்படாமல் எடுத்துக்கொள்ளலாமா? ஆலையிடம் அக்கேள்வியைக் கேட்டவர்கள் தங்கள் வளாகத்திடம் கேட்க மறுத்தால், பிளாச்சிமடை அவர்களுக்கு ஓர் ஆய்வுத் தலைப்பு மட்டுமே.

சித்தூர்ப்புழையில் வர வேண்டிய நீருக்காக, 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின் 7.25 டி.எம்.சி. கணக்கை ஆண்டுதோறும் இரு மாநிலங்களும் வாதிடுகின்றன. மணக்கடவில் அளவு குறைந்தால் உழவர்கள் சாலைக்கு வருகிறார்கள். அண்டை மாநிலத்திடம் சொட்டுக் கணக்குக் கேட்கும் வட்டாரத்தின் கல்வி நிறுவனங்கள் தங்கள் தெளிப்பானுக்குக் கணக்கு வைத்திருக்கின்றனவா?

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. ஆழ்துளைக் கிணற்றின் வாயில் நீர்மானி பொருத்தி, தோட்டத்துக்குப் போகும் அளவை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். முகப்புத் தரைக்குத் தை முதல் வைகாசி வரை நன்னீர் நிறுத்தப்படட்டும், அது பழுப்பாகட்டும். பாதையோரப் பட்டையைக் கூரிய தகட்டால் உரிய உயரத்தில் வெட்டட்டும். மற்ற இடங்களில் புல் கதிர்விட்டு விதை உதிர்த்தபின் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அறுத்து, அந்தப் புல்லைப் பக்கத்து ஊர் மாடுகளுக்குக் கொடுக்கட்டும். அறுப்பவருக்குக் கண்ணாடியும் காதடைப்பும் காலணியும் நிறுவனம் வாங்கித் தரட்டும். தாவரவியல் மாணவர்கள் மழிக்காத நிலத்தில் என்னென்ன முளைக்கின்றன என்று பதிவு செய்யட்டும். தரச்சான்றுக் குழு வரும்போது அந்தப் பதிவேட்டையும் நீர்மானியின் கணக்கையும் முன்வைக்கட்டும். புல்தரையின் படத்தைவிட அது நல்ல சான்று.

இவற்றுள் எதற்கும் புதிதாக நிதி தேவையில்லை. கைவிட வேண்டியது ஒன்றே: கோடையில் பழுத்த நிலத்தைக் கண்டு வெட்கப்படும் பழக்கம். மழைமறைவு நிலம் பங்குனியில் பழுப்பாகத்தான் இருக்கும். லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் வரிசையில் நிற்கும் ஊரின் நடுவே பச்சையாக இருக்கும் ஒரே நிலம் கல்லூரியின் முகப்பு என்றால், வெட்கப்பட வேண்டியது அந்தப் பச்சையைக் கண்டுதான்.